இரும்பு மூடி

காலணியில் மைக் பொருத்தியவன் நான்தான்.
காதில் ஹெட்போன். பதினெட்டு மீட்டர் மரத்தளம்.
இர்யா ஹுர்ஸ்கைனென், ஐம்பத்தெட்டு,
ஔலு நகரத்துத் தபால்காரி.
முழங்கால் வலி, இடதில் அதிகம்.

முதல் சுற்று, உள்ளது உள்ளபடி:
தொம்.
தொம்.
மூட்டை இறக்குவதுபோல் ஒவ்வோர் அடியும்.

இரண்டாவதில்
கனத்த ஒலிகளை அமுக்கி
மெல்லியவற்றைத் திருகி ஏற்றினேன்.
டிக், டிக்.
யாரோ இளைத்த ஒருத்தி
அவள் காலணிக்குள் நடக்கிறாள்.
குதிகால் சீக்கிரமே எழும்புகிறது,
தோள் நிமிர்கிறது,
கை வீசத் தொடங்கிவிட்டது,
கால் தரையில் பாவவில்லை.
சுவர் வந்ததும் தானே திரும்பிக்கொண்டாள்
போதும் என்று நான் சொல்லியும்.

கழற்றும்போது கேட்டாள்:
"பொய்தானே?"
பொய்தான், ஆனால் உங்கள் முழங்கால் நம்பியதே
என்றேன்.
சிரிக்கவில்லை.

வெளியே புதுப்பனி.
வண்டிகள்கூட ஓசையில்லாமல் போகின்றன.
ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்:
நடை குழம்புகிறது அவளுக்கு.
கனமா லேசா என்று சொல்ல
ஒரு சத்தமும் இல்லை.
கால் எங்கே வைத்தோம் என்று
நின்று நின்று குனிந்து பார்க்கிறாள்.

பேருந்து நிறுத்தத்தருகே சாக்கடையின் இரும்பு மூடி,
பனி வழித்துவிட்டிருந்தது.
சுற்றிக்கொண்டு போயிருக்கலாம்.
ஏறினாள்.
இரட்டைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பார்த்தேன்:
ஒரு மிதி.
இன்னொரு மிதி, வேண்டுமென்றே.

பிறகு
அந்தக் கனத்தோடேயே
பேருந்துக்கு ஓடினாள்.