குளிரறை

தார்த்து நகரத்து ஆற்றுக்கு எமயோகி என்று பெயர்.
'எமா' என்றால் அவர்கள் மொழியில் அம்மா.
என் காதில் வேறு மாதிரி விழுந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில்,
மார்பில் தொடங்கி இடுப்பெலும்புக்குக் குடிபோனதை
டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார் ஊர்வேயிடம்.
ஒரு செல் இரண்டாக வேண்டுமானால்
ஒரு கதவைத் தாண்ட வேண்டும்.
திறக்க இரண்டு கைகள் உண்டு.
மாத்திரை அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளும்.

கொல்லாதா?
பெரும்பாலும் இல்லை. நிறுத்தி வைக்கும்.
எவ்வளவு நாள்?
டாக்டர் பேனாவை மூடினார்.

"ஓ, குளிரறை" என்றாள் ஊர்வே.

முப்பத்தோரு வருடமாக ரை ரொட்டி சுடுகிறவள்.
புளித்த மாவைக் குளிரில் வைத்தால்
சாகாது, பொங்காது,
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்
விடியற்காலை மூன்று மணிக்கு
யாராவது கதவைத் திறக்கும் வரை.
இதற்குப் போய் இத்தனை படிப்பா என்று
பஸ்ஸில் ஏறும்போது சிரித்தாள்.
வில்யாண்டியில் இறங்கும்போது
கண்டக்டரைப் போன்ற முகம் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

இருபத்தொரு நாள் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு.
சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். கிரேப்ஃப்ரூட் மட்டும் ஆகாது.
ஐம்பத்தெட்டு வயது வரை
அந்தப் பழத்தை அவள் தேடியதே இல்லை.
மறுநாள் சந்தையில் ஒன்று வாங்கி
ஜன்னலோரம் வைத்தாள்.
மோந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.
ஒரு சுற்று முடிவதற்குள் அது
அவள் முழங்கை மாதிரி ஆகிவிட்டது.

பதினைந்தாம் நாள் ரத்தம் எடுத்தார்கள்.
வெள்ளணுக்கள் அதலபாதாளத்தில்.
குளிருக்கு எந்த மாவு என்று தெரியாதே,
எல்லாவற்றையும்தான் உறைய வைக்கிறது.
நூற்றிருபத்தைந்து நூறாயிற்று, நூறு எழுபத்தைந்து.
மாவு மூட்டை தூக்க தாவெத் என்றொரு பையன் வந்தான்;
தும்மினால் வெளியே போய்த் தும்ம வேண்டும்,
அதுதான் வேலைக்கு ஒரே நிபந்தனை.

ஓய்வு வாரத்தை எல்லோரும் லீவு என்கிறார்கள்.
அவளுக்கு அந்த வாரம்தான் பயம்.
மஜ்ஜை விழித்துக்கொள்ளும், நல்லது.
அது மட்டுமா விழிக்கும்?
இருட்டில் இடுப்பின் மேல் கைவைத்துப் படுத்திருப்பாள்.
மாவு பொங்குவதற்கு ஒரு சத்தம் உண்டு,
சின்னக் குமிழ்கள் உடைகிற சத்தம்.
சுடுகிறவர்களுக்குத்தான் கேட்கும்.

காத்திருக்கும் அறையில் ஸோயா.
பெய்ப்சி ஏரிக்கரையில் வெங்காயம் போடுகிறவள்,
கைப்பையில் அதே மருந்துப் பெட்டி.
பள்ளிக்கூடத்தில் திணித்த ரஷ்ய மொழி,
நாற்பது வருடமாக வாயைத் திறக்காத மொழி,
வேற்றுமை உருபுகள் தப்பித்தப்பி
ஊர்வேயிடமிருந்து வெளியே வந்தது.
வாய்ப்புண்ணைப் பற்றிப் பேசினார்கள்,
முடி கொட்டாமல் மெலிவதைப் பற்றி,
வெங்காய விலையைப் பற்றி.
பதினான்காம் சுற்றில்
ஸோயாவுக்குள் இருந்தது வேறு கதவு கண்டுபிடித்தது.
அடுத்த முறை அந்த நாற்காலியில்
யாரோ கோட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள்.
பின்னிக் கொடுத்த வெங்காயச் சரம்
இன்னும் அடுப்புக்கு மேலே தொங்குகிறது.
ஊர்வே அதில் கைவைப்பதில்லை.

ஏழாவது ஸ்கேன்.
'மாற்றமில்லை.'
மாவைப் பற்றி அப்படிச் சொன்னால்
தொட்டியோடு கொட்டிவிடுவாள்.
இதையோ மடித்து
மாத்திரைப் பெட்டிக்குள் வைத்தாள்.

ரை அரைக்கிற ஆலைக்காரர்
அன்று மாலை ஒப்பந்தத்தோடு வந்தார்.
எவ்வளவு காலத்துக்கு என்ற இடத்தில்
ஆறு மாதம் என்று எழுதினாள்.
அடித்தாள்.
ஒரு வருடம் என்று எழுதினாள்.
பிறகு பேனாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு
விலை பேச ஆரம்பித்தாள்.