பத்தரை மாற்று

பெரியவனில் மூவாயிரத்து நூறு பேர் தொட்டார்கள்,
தொண்ணூற்றாறு பேர் அழைத்தார்கள்.
சின்னவனில் தொட்டது முப்பத்தேழு. அழைத்தது இருவர்.
(இரண்டு தேடுபொறிகளுக்கும் எங்கள் அலுவலகம் வைத்த பெயர்.
பொம்மனஹள்ளி, மூன்றாம் மாடி, கீழே டயர் கடை.)

மூன்று புள்ளி ஒன்று.
ஐந்து புள்ளி நான்கு.
ஐந்துக்குப் பச்சை அடித்து அனுப்பினேன்.

சம்பங்கி உடனே கூப்பிட்டார்.
வில்சன் கார்டனில் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கு விடுகிறார்,
அதற்குமுன் அடகுக் கடையில் நகை மதிப்பாளர்.
மாற்று விகிதம் என்று நான் சொன்னதும்
அவர் காதில் விழுந்தது தங்கம்.
"சின்னவன் பத்தரை மாற்றா? சரி.
உரைச்சுப் பார்த்தியாம்மா?"

உரைத்தேன்.

இருவரில் ஒருத்தி நான்.
மார்ச் ஒன்பது, எண்ணி ஓடுகிறதா என்று பார்க்க
நானே தொட்டு, நானே அழைத்து,
"சோதனைதான் அண்ணே" என்று வைத்தது.
என்னைக் கழித்தால் முப்பத்தாறில் ஒன்று,
இரண்டு புள்ளி எட்டு.
ஒரு விரலை எடுத்ததும் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.
என் கணினியை விலக்குப் பட்டியலில் போட்டேன்.

மிச்சம் ஒன்று. அதிகாலை மூன்று பன்னிரண்டு.
ஆபீஸ் லேப்டாப்பில் தேடியிருப்பான்,
சின்னவனை மாற்றத் தெரியாமல் அல்ல,
மாற்ற நேரமில்லாமல்.

சம்பங்கி நோட்டைப் புரட்டுகிற சத்தம்.
"கோரமங்களா, எட்டாம் பிளாக். சாயுற கட்டில்.
அட்வான்ஸ் உடனே போட்டுட்டான்.
வண்டி ஆடுகோடி சிக்னல்ல நிக்கிறப்போ போன் வந்துச்சு,
வேணாம், திரும்பிடுங்கன்னு.
பணத்தை அனுப்பிட்டேன்."

அட்டவணையில் அது இன்னும் வெற்றிதான்.
அழைக்காத மூவாயிரத்து நான்கு பேருக்கோ
காரணம் எழுதக் கட்டமே இல்லை.
சிலருக்குக் கால் தானாகச் சரியாகியிருக்கலாம்.
யாரோ ஒருவரின் மாமியார் எழுந்து
காபி கேட்டிருக்கலாம்.

"அப்போ சின்னவனை நிறுத்திடவா?" என்றேன்.
மாதக் கடைசி, எனக்கு அறிக்கை முடிய வேண்டும்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பஸ் ஹாரன் மட்டும்,
அவர் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.

"பகல்ல நிறுத்து.
ராத்திரி மட்டும் விட்டு வை.
நான் எப்படியும் முழிச்சிட்டுதான் இருக்கேன்."

இரவு இரண்டு முதல் ஐந்து வரை.
நாளொன்றுக்கு நாற்பது ரூபாய்.
பச்சையை அழித்தேன், வேறு நிறம் தோன்றவில்லை.
சேமி.