கல்வெட்டுக்கு ஆறு வரி

மாநகர சபைக் கடிதம்:
மைதானத்தின் வரலாறு, ஆறு வரிக்குள்,
திங்கட்கிழமைக்கு முன்.

முதலில் இது சதுப்பு.
கிராண்ட்பாஸ் குப்பையைக் கொட்டி நிரப்பினார்கள்.
இன்றும் பெருமழைக்கு மறுநாள்
பெனால்டி புள்ளியருகே
மருந்துப் போத்தலொன்று கழுத்தை நீட்டும்.
எறிந்த வீட்டுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

துறைமுகத் தொழிலாளர் அணி
வெறுங்காலோடு கிண்ணம் வென்ற வருடம்
கறையான் தின்ற பக்கத்தில்.
கோல்காப்பாளர் துவான் ஜுமாட்டின்
முறிந்த விரலுக்கு
இரண்டு ரூபாய் கொடுத்த ரசீது மட்டும் மிச்சம்.

ஓர் ஆடியில்
பதினொரு நாள் ஆட்டமில்லை.
கோல் கம்பத்தில் சேலைகள் காய்ந்தன.
பெவிலியன் படியில் ஒரு பிள்ளை பிறந்தது.
பெயர் வைத்தார்களா, தெரியாது.
மேற்பார்வையாளர் விமலசூரிய
பதிவேட்டில் சிங்களத்தில் எழுதியது இவ்வளவுதான்:
புல் வெட்டவில்லை. ஆட்கள் இருக்கிறார்கள்.

பிறகு மண்மூட்டை, முள்கம்பி,
நடுவட்டத்தில் லொறிகள்.
பிறகு மின்விளக்கு நான்கு. எரிவது மூன்று.

சனிக்கிழமை இருட்டும்வரை எழுதினேன்.
நான்கு வரி
திறந்துவைத்தவர்களின் பெயருக்கே போயிற்று,
பட்டங்களோடு.
ஐந்தாவது, கொங்கிரீட் செலவு.
ஆறாவதில் விமலசூரியவின் வரியை
அப்படியே போட்டு அனுப்பினேன்.

இன்று திரும்பி வந்திருக்கிறது,
ஓரத்தில் சிவப்பு மையில்:
‘புல் பற்றிய விபரம் அவசியமில்லை.’

வெளியே பொடியன்கள்
எரியாத விளக்கின் கீழே
குனிந்து, காலால் துழாவி,
பந்தைத் தேடுகிறார்கள்.
புல் முழங்கால் உயரம்.