முன்பக்கம்

வெண்ணாற்றின் பழைய மதகை இடித்த அன்று
பொக்லைன்காரர் ஓர் இச்சியைப்
பிடுங்கிக் கரையில் போட்டார்.
அது செங்கல் ஒன்றை விடாமல் பிடித்திருந்தது.
செங்கல்லோடே தூக்கி வந்தேன்,
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில்.

ஏழு வருடம்.
உடைந்த வாஷ்பேசினில் தொடங்கி
இப்போது சிமென்ட் தட்டு.
செங்கல் சல்லி, ஆற்றுமணல், உமிச்சாம்பல்.
மோட்டார் காயில் கட்டும் கடையில்
எடை போட்டு வாங்கிய செப்புக்கம்பி.
மன்னார்குடி மொட்டைமாடியில்
ஒரு முழ உயரத்தில் ஒரு மரம்.

கூத்தாநல்லூர் ஜெகபர் சாதிக்,
சிங்கப்பூரில் இருபது வருடம்
அடுத்தவர் மரங்களுக்குக் கம்பி கட்டியவர்,
ஞாயிறு காலை வந்தார்.
குந்தினார், மரத்தின் கண்மட்டத்துக்கு.
டீ ஆறியது.
"முன்பக்கம் எது?"
காட்டினேன்.
"அது நீங்க தண்ணி ஊத்துற பக்கம்மா."

பிறகு சொன்னார்:
அடி சிறுத்திருக்கு.
நாலு விரல் மேலே பருத்திருக்கு.
பம்பரத்தை ஆணிமேல நிறுத்தின மாதிரி.
மரம்னா மேலே போகப் போக மெலியணும்,
இது பாதி வழியில
யோசனையை மாத்திக்கிட்ட மரம்.

இரண்டு செங்கல்லுக்கு நடுவே
கிடைத்த இடமே அவ்வளவுதான் என்றேன்.
"அது மரத்தோட கதை.
நான் உருவத்தைச் சொல்றேன்."

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
அரசு மருத்துவமனை, ஒன்பதாம் எண் அறை.
முறிந்த எலும்பு
கூடிய இடத்தில் தடிக்கும்;
விளக்குப் பெட்டியில் தினமும் பார்க்கிறேன்.
அதைச் சொன்னேன், கொஞ்சம் கோபமாகவே.
நல்லாயிருக்கு என்றார்.
"அப்புறம் ஏன் மறைச்சு வச்சிருக்கீங்க?"

பார்த்தேன்.
வலப்பக்கத்து முதல் கிளை.
நாலு வருடம் நான் இழுத்து வளைத்தது.
வருகிறவர்களெல்லாம் போட்டோ எடுப்பது.
பருமனுக்கு நேர் முன்னால்
முந்தானை போல் இறங்கி நிற்கிறது.
எனக்கே தெரியாமல் மறைத்திருக்கிறேன்.
கண்ணும் நேராக அங்கேதான் போகிறது,
வாயைப் பொத்திச் சிரிப்பவரின்
பல்லுக்குப் போவதுபோல.

பருமனுக்கு மேலே பதியம் போட்டு
வேர் விட்டதும் அறுத்துவிடலாம் என்றார்.
கீழ்ப்பாதி?
கையை விரித்தார்.
செங்கல்லும் போகும்.
மாட்டேன் என்றேன்.
தண்ணீர் டேங்க் நிரம்பி வழிந்தது.
மோட்டாரை நிறுத்தக் கீழே ஓடி
மேலே வரும்போது
தட்டைக் கால்வட்டம் திருப்பி
ஒரு பக்கம் ஓட்டுச்சில்லு முட்டுக் கொடுத்திருந்தார்.

மரம் சாய்ந்திருந்தது.
பம்பரம் இல்லை இப்போது.
பலகை போட்ட மதகை
வெள்ளத்துக்கு எதிராகத்
தோளால் முட்டி நிற்கும் ஒரு ஆள்,
கால் மெலிந்த ஆள்.

கத்தரியை என்னிடம் நீட்டினார்.
நறுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
பால்தான் நிற்கவில்லை.
ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தேன்,
அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பருமனிலிருந்து தொங்கிய
மயிரிழை விழுதுகள் மூன்றை
இளநீர் ஸ்ட்ராவுக்குள் விட்டு
மண்ணைத் தொட வைத்தோம்.
பிடித்தால் அஞ்சாறு வருடத்தில்
அடி தடிக்குமாம்.
பிடிக்காவிட்டால்?
"ஸ்ட்ராவை எடுத்துடுங்க."

மூன்று வாரம் ஆயிற்று.
நேற்றும் பழக்கத்தில்
பழைய இடத்தில் நின்றே தண்ணீர் ஊற்றினேன்.
மரம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.
கொடிக்கயிற்றுக்குக் குனிந்து
டேங்கைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.
வெட்டுவாய் காய்ந்து வெளுத்திருந்தது.
பருமன் அப்படியே, வெயிலில்.
நடு ஸ்ட்ராவுக்குள்
வெள்ளையாக ஏதோ ஒரு கோடு,
வேரோ,
நான் ஊற்றிய தண்ணீரோ.