இரண்டாவது தழும்பு

மனாஸ். நெக்ரோ நதிக்கரைப் பள்ளி.
சட்டைக் கையைச் சுருட்டி நின்ற பிள்ளைகளிடம்
பிறந்தபோது போட்ட ஊசியின் தழும்பைத்
தேடித் தேடிக் குறித்தாள் செவிலி இவானில்டா.
சில பள்ளிகளுக்கு இன்னொன்று,
சிலவற்றுக்கு இல்லை.
சீட்டு விழுந்தபடி.

ஜுரான்திர் அழவில்லை.
தோளைத் தட்டிக்கொண்டு பந்தாட ஓடினான்.

இன்று அவன் முழங்கையருகே
வெளிறிய தேமல் ஒன்று.
கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுகிறாள்:
"தெரிகிறதா?"
"எது?"

பதிவேட்டைப் புரட்டுகிறாள்.
போட்டுக்கொண்ட பத்தியிலும் பெயர்கள்,
போடாத பத்தியிலும்
ஏறக்குறைய அத்தனையே.
ஆறு வருஷம் எண்ணியது இதைத்தான்.

மாத்திரை அட்டையை நீட்டுகிறாள்.
ஆறு மாதம்; ஆறிவிடும்.

"மூணாவது ஊசி உண்டா?"

"இல்லை. உன் வீட்டில்
யார் யார் படுக்கிறீர்கள்,
ஒவ்வொருவராய்ச் சொல்."