இருபத்திரண்டு நாற்காலிகள்

பதிவுத் தபாலில் வந்திருந்தது.
ஹோட்டலில் நாற்காலி இருபத்திரண்டு,
சதுர அடி நானூற்றுப் பத்து,
பாட்டு ஓடுவது தினம் பதினாறு மணி நேரம்.
எல்லாம் சரியாக எண்ணியிருந்தார்கள்.
எப்போது வந்து எண்ணினான் என்றுதான் தெரியவில்லை.
வந்தவன் ஓர் ஆம்லெட்டாவது சாப்பிட்டானா?

ஒரு வருடத்துக்குக் கேட்ட தொகையில்
நான் ஒரு கிரைண்டர் வாங்கிவிடலாம்.
கட்டவில்லை.
ஸ்பீக்கரை அணைத்த அன்றுதான்
எங்கள் மின்விசிறிக்கு இப்படியோர் இருமல் என்று தெரிந்தது.

அஸ்கர் செல்போனில் தேடி இறக்கினான்,
யாருக்கும் காசு தரவேண்டாத இசை.
‘காலைப் புத்துணர்ச்சி, எண் மூன்று’ என்று பெயர்.
வார்த்தை கிடையாது. ஆரம்பிக்கும், முடியாது.
தேங்காய் லோடு டிரைவர்
எச்சில் கையோடு அண்ணாந்து கேட்டார்:
“யாராச்சும் லைன்ல இருக்காங்களா பாய்?”
கொத்து போடும் முத்துவீரனுக்கு
மூன்றாம் நாள் தாளம் தப்பி
சுண்டுவிரலில் கட்டு.

இதற்குள் எதிர்ப்பக்கம்,
கோபாலபுரம் செக்போஸ்ட் கம்பத்துக்கு அப்பால், கேரளத்தில்,
சசீந்திரன் தன் டீக்கடைக்குப் பணம் கட்டிவிட்டார்.
சான்றிதழைச் சட்டம் போட்டு
குருவாயூரப்பன் பக்கத்தில் மாட்டி,
பெட்டியைச் சாலை பார்க்கத் திருப்பி வைத்தார்.
தமிழ்ப் பாட்டுதான்; வருகிற டிரைவரெல்லாம் பொள்ளாச்சிக்காரன்.
கோழிக்கும் மாட்டுக்கும் சீட்டு கேட்கிறவர்கள்
பாட்டை நிறுத்தி எதுவும் கேட்கவில்லை.
கம்பத்துக்கு அடியில் குனிந்து வந்தது,
என் முதல் நான்கு மேசை வரை.
ஐந்தாவதில் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

அஸ்கரின் இசையை நிறுத்தச் சொன்னேன்.
முன்மேசைக்கு ஆட்கள் காத்து நின்றார்கள்.

பதினோராம் நாள், முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு
சாலையைத் தாண்டி வந்தார்.
“ராவுத்தரே, காசு அடச்சது ஞான்.
கேக்குறது உங்க கஸ்டமர்.”
ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டு எண்ணினார்,
ஆள் இல்லாததையும் சேர்த்து.

பேரம் ஒரு மணி நேரம்.
இரவுக்கு எட்டு பரோட்டா, ஒரு தூக்கு சால்னா,
வெள்ளியன்று பீஃப் ரோஸ்ட்.
எழுத்தில் ஒன்றும் இல்லை.
“பாட்டு எழுதினவருக்கு இதுல எத்தனை கரண்டி?” என்றான் முத்துவீரன்.
சசீந்திரன் காதில் விழவில்லை;
தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

நேற்று சால்னா தண்ணியாக இருந்ததாம்.
எட்டரைக்குப் பெட்டியை அணைத்துவிட்டார்,
சரணத்தின் நடுவில்.
முதல் நான்கு மேசையும் மெல்லுவதை நிறுத்தின.
கரண்டியும் கையுமாக
செக்போஸ்ட் தாண்டி ஓடினேன்.