ஒரு பே குறைகிறது

சாயங்காலம் ஐந்தரைக்குக்
கடைக்காரர் தொலைபேசியில் கத்தினார்:
தட்டில் இருப்பதைவிட
உன் திரையில் பொன் அதிகம்.
ஒரு பே.

திரையில் விளைந்த பொன்னை
யார் வந்து அள்ளிக்கொண்டு போவது?
சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

ரங்கூன், இருபத்தெட்டாம் தெரு.
மின்சாரம் போய் நடைபாதை நெடுக
ஜெனரேட்டர்கள் இருமிக்கொண்டிருந்தன.
தோசை வண்டிக்காரர் கைப்பேசியை வாயில் கவ்வி
அந்த வெளிச்சத்தில் புரட்டிக்கொண்டிருந்தார்.
நான் படியேறியபோது
ஏ மியட்டைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள்.
மேசைமேல் அவள் கைப்பை கவிழ்ந்து கிடந்தது:
தனாக்காச் சிமிழ்,
நாலாய் மடித்த இருநூறு கியாட் தாள்கள்,
பாதி தின்ற புளி மிட்டாய்.
லுங்கி மடிப்புவரை தடவிப் பார்த்தாயிற்று என்றாள்
கடைக்காரரின் மைத்துனி,
வரவு வாசிக்கும் குரலில்.

இங்கே பொன்னுக்குப் புள்ளி கிடையாது.
ஒரு கியாட்டாவுக்குப் பதினாறு பே.
ஒரு பேவுக்கு எட்டு யுவே.
யுவே என்றால் குன்றிமணி,
கறுத்த மூக்கோடு சிவந்த அதே விதை.
பே என்றால் வீசம்.
யுவே, அரைக்கால் வீசம்.
வாய்க்கு வாய் பெயர் மாறினாலும்
வெட்டு ஒன்றுதான்:
பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி.
கத்திக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவே.

புள்ளி வைத்தவள் நான்.
புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம் போதுமென்று
திஞ்ஞான் விடுமுறைக்கு முந்தின நாள்
அவசரத்தில்.
வீசம் என்பது
பூஜ்ஜியம் புள்ளி
பூஜ்ஜியம் ஆறு இரண்டு ஐந்து.
கடைசி இரண்டையும்
நகம் வெட்டுவதுபோல் வெட்டிப் போட்டேன்.

விலை ஏற ஏற மோதிரம் மெலிகிறது.
இந்த வாரம் விற்றவை எல்லாம்
பே எடை மோதிரங்கள். இருபத்தைந்து.
இருபத்தைந்து நகத்துண்டு சேர்த்தால்
சரியாக ஒரு பே.

பென்சிலை என்னிடம் வாங்கி
கடைக்காரரே பெருக்கினார்.
விடை வருவதற்குள்
முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
சரி சரி, தேநீர் சொல்லட்டுமா?

ஏ மியட் மட்டும் கேட்டாள்:
அந்த ஒரு பே இப்போது எங்கே?
எங்கேயும் இல்லை, என்றேன்.
எப்போதும் இருந்ததில்லை.
அப்படியானால் என்னிடம்
எதைத் தேடினீர்கள்?

இரவெல்லாம் திருத்தினேன்.
புள்ளியை எடுத்தேன்.
எல்லாவற்றையும் யுவேயாக, முழுசாக,
ஒன்று இரண்டு என்று எண்ண வைத்தேன்.
அப்போதுதான் உறைத்தது:
பொறிக்குப் பத்து என்றால் ஆகாது.
பத்தில் ஒன்றைக் கேட்டுப் பார்,
முடிவில்லாமல் இழுத்து இழுத்து
ஓரிடத்தில் சலித்து
ஏறத்தாழ என்று எழுதிவைக்கும்.
பதினாறில் ஒன்றைக் கேள்:
நான்காம் இடத்தில் ஒரே ஒரு ஒன்று. முடிந்தது.
யுவேயா, ஏழாம் இடம்.
ஒரு இம்மி மிச்சமில்லை.
தட்டானின் கத்தியும் அதுவும் ஒரே சாதி.
நடுவில் நுழைந்த
பத்து விரல்காரி நான்.

முன்பே, வேண்டுமென்றே,
புள்ளியில்லாமல் எழுதியிருக்கலாம்.
எனக்கு யாரும் கூலி குறைக்கவில்லை.
என் பையை யாரும் கவிழ்க்கவில்லை.

திங்கட்கிழமை ஏ மியட் வேலைக்கு வந்தாள்.
கடை அடைக்கும் நேரம்
தட்டை நிறுத்தோம், திரையைப் பார்த்தோம்.
ஒரு யுவேகூடப் பிசகவில்லை.
யாரும் கேட்காமலே
அவள் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள்.
கடைக்காரர் விளக்கை அணைக்கப் போனார்.
தனாக்காச் சிமிழ் உருண்டு
என் காலடிக்கு வந்து நின்றது.